ஒரு கட்டை கீழே

ஜூன் 3, செவ்வாய்

மாடிக்குப் போகும் குழாயில் காலையிலிருந்து கசிவு. நூல் சுற்றி இறுக்கினேன். பிளம்பரைக் கூப்பிடலாம் என்றாள் சுலோச்சனா. ஆயுசில் பாதியைப் பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டிக் கழித்தவன் வீட்டுக்குப் பிளம்பர் எதற்கு?

பிறகு வீடியோ கேம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சஜித் என்பவன் மேனேஜர், தாடி வைத்திருக்கிறான். பெனிட்டா என்ற பெண் அந்த விளையாட்டுக்கு இசை போடுகிறவள். சர்ச்சில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவளாம். விளையாட்டின் கதை இதுதான்: உலகம் அழிந்துவிட்டது. கோயம்புத்தூரில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பேர் தண்ணீர் தேடி அலைகிறார்கள். இடிந்த வீடுகளில் அங்கங்கே ரேடியோ மட்டும் வேலை செய்கிறது. அதில் பழைய பாட்டு ஓடும்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு வேண்டாம் சார். யாருமே கேட்டிருக்கக் கூடாது," என்றான் சஜித்.

அப்படிப் பார்த்தால் என்னைவிடப் பொருத்தமான ஆள் அவனுக்குக் கிடைக்கமாட்டான். 1974-ல் நான் இசையமைத்த ஒரே படம் பாதியில் நின்றது. பாட்டுகள் மட்டும் ஒரு சின்ன இசைத்தட்டாக வந்தன. அதிலும் என் பெயரை ஆறுமுகசாமி என்று போட்டார்கள். நான் ஆறுச்சாமி. மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை.

அந்தத் தட்டு ஒன்று பெனிட்டாவுக்குப் பழைய சாமான் கடையில் கிடைத்திருக்கிறது. முழுக்கக் கீறல். ஒரிஜினல் ஒலிநாடாவே என்னிடம் இருக்கிறது என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"சூப்பர் சார். சுத்தமா எடுத்துட்டு, கீறல் சத்தத்தை நாங்களே மேல சேத்துக்குவோம். அப்பத்தான் பழசு மாதிரி இருக்கும்."

ஐம்பது வருஷமாகத் தூசியும் ஈரமும் அண்டாமல் பீரோவில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். இவள் அதை வாங்கிக்கொண்டு போய்க் கீறுவாளாம். முடியாது என்றேன்.

சுலோச்சனா காபியை வைத்துவிட்டு, "கீறினாத்தான் என்னங்க? உலகமே அழிஞ்சு போச்சுங்கறாங்க, உங்க பாட்டு மட்டும் இஸ்திரி போட்டு வெச்ச மாதிரி இருக்குமாக்கும்," என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

"ஆன்ட்டிதானே சார் பாடினது?" என்று கேட்டாள் பெனிட்டா.

"ஆமாம்," என்றேன்.

"இல்லீங்க கண்ணு," என்று சொல்லிக்கொண்டே சுலோச்சனா உள்ளே போனாள். அவளுக்கு எப்போதும் கிண்டல்தான்.

ஜூன் 5, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. கீறல் சேர்க்கமாட்டோம் என்று சஜித் போனில் சொன்னான். எழுதிக் கொடு என்றேன்.

ஜூன் 9, திங்கள்

சரவணம்பட்டி போனேன். பஸ்ஸில் நின்றபடி ஒன்றேகால் மணி நேரம். அந்த ஆபீஸில் நாற்காலிகளைத் தவிர எல்லாமே மெத்தை.

விளையாட்டைப் போட்டுக் காட்டினார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இப்போதே பாதி அப்படித்தான் இருக்கிறது. ஒருவன் ரேடியோவைத் திருகுகிறான். என்னுடைய "வாய்க்கால் வழியே வா நிலவே" பாட்டு ஓடுகிறது. காதலன் வருகைக்காகப் பெண் குதூகலமாகப் பாடுகிற பாட்டு. அது ஓட ஓட அவன் எதிரில் வருகிறவனை ஆணி அடிக்கும் துப்பாக்கியால் சுவரோடு சேர்த்து அறைகிறான். சுற்றி நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

"இது என்ன கேலி?" என்றேன்.

"கேலி இல்ல சார். பாட்டு சந்தோஷமா இருக்கு, கண்ணுக்கு முன்னாடி நடக்கறது பயங்கரமா இருக்கு. ரெண்டும் இடிக்கும்போது ஆடறவனுக்கு வயித்துல ஒண்ணு பண்ணும்," என்றான் சஜித்.

"எனக்கும் பண்ணுகிறது," என்றேன்.

ரேடியோ இல்லாத இடங்களில் பெனிட்டாவின் இசை. மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, ஒரே ஒரு ஊங்காரம். மோட்டாரின் காயில் எரிவதற்கு முன்னால் அது போடுகிற சத்தம் மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மோட்டாரேதான் சார். பீளமேட்டுல ஒரு பட்டறையில போய் ரெக்கார்ட் பண்ணி, இழுத்து வெச்சிருக்கேன். கண்டுபிடிச்ச மொத ஆள் நீங்கதான்."

"காயில் இல்லை, பேரிங் போயிருக்கிறது," என்றேன். குறித்துக்கொண்டாள். இதை எதற்குக் குறித்துக்கொள்கிறாள்?

என் நிபந்தனைகளைச் சொன்னேன். கீறல் கூடாது. என் பாட்டு ஓடும்போது கொலை கூடாது. பெயர் ஆறுச்சாமி. மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். பழைய பம்பு வீடு ஒன்று விளையாட்டில் வருகிறது, அங்கே வைக்கிறோம் என்றார்கள். நாடாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். கை வெறுமையாக இருந்தது.

ஜூன் 14, சனி

முட்டிவலி. வெளியே போகவில்லை.

அந்த நாடாவைப் பதிவு செய்த விதத்தை எங்கும் எழுதி வைத்ததில்லை, இங்கே எழுதுகிறேன். எனக்கு யாரும் இசை சொல்லிக்கொடுக்கவில்லை. அக்கார்டியனை நானே பிரித்து, நானே மாட்டி, நானே வாசித்துக் கற்றவன். பதிவு செய்வதும் அப்படித்தான்.

சுலோச்சனாவின் குரலுக்குச் சுருதி நாலு கட்டை. அதற்கு மேல் போனால் பிசிறும். படத்தின் முதலாளிக்கோ கதாநாயகியின் வயசுக்குத் தகுந்த மெல்லிய குரல் வேண்டும். வேறு பெண்ணை அழைத்து வருகிறேன் என்றார். நான் விடவில்லை. ரெக்கார்டரில் நாடாவை இழுக்கும் தண்டின் மேல் ஒரு பித்தளைக் குழல் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் சிறியதாக ஒன்றை லேத்தில் கடைந்து மாட்டினேன். இப்போது நாடா மெதுவாக ஓடும். அவளையும் வாத்தியக்காரர்களையும் நாலு கட்டையில், நிதானமாகப் பாடவும் வாசிக்கவும் வைத்து, எல்லாவற்றையும் பதிவு செய்தேன். பிறகு பழைய குழலை மாட்டி ஓட்டினேன். நாடா வேகமாக ஓடி, பாட்டு ஐந்து கட்டைக்கு ஏறி, துள்ளிக்கொண்டு வந்தது. குரல் கிளி மாதிரி.

முதலாளி வாயைப் பிளந்தார். எந்தப் பெரிய ஸ்டூடியோவிலும் எனக்குத் தெரிந்து அப்போது இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் அவர்கள் பெயர் வந்திருக்கும்.

அதன் பிறகு சுலோச்சனா பாடவில்லை. வீட்டு வேலை அதிகமாகிவிட்டது.

ஜூன் 18, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலையில் பெனிட்டா லேப்டாப்பும் ஒரு சிறிய ஸ்பீக்கருமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், உங்க டேப்ல ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு. நானே சரி பண்ணிட்டேன்."

"என் டேப்பில் தப்பா?"

"அடியில கரண்ட் இரைச்சல் ஒண்ணு ஓடுது சார். நம்ம ஊர் கரண்ட்டுக்கு அது ஐம்பது ஹெர்ட்ஸ்ல நிக்கணும். உங்க டேப்ல ஐம்பத்தாறுல நிக்குது. அப்ப டேப் வேகமா ஓடுதுன்னு அர்த்தம். மெஷின் கோளாறுன்னு நெனைக்கிறேன். ஐம்பதுக்கு இழுத்துட்டேன்."

நான் வாய் திறப்பதற்குள் தட்டிவிட்டாள். பாட்டு வந்தது. நாலு கட்டையில். என் வயலின்கள் தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் நடந்தன. தபேலா பானையைத் தட்டுவதுபோல் கேட்டது. அக்கார்டியனுக்கு மூச்சிரைத்தது. பதிவின்போது அப்படித்தான் வாசித்தார்கள், நான்தான் அப்படி வாசிக்கச் சொன்னேன். ஆனால் அது கேட்பதற்காக அல்ல. சட்டை தைக்கிறவன் உள்பக்கத் தையலை யாருக்கும் காட்டுவதில்லை.

"நிறுத்து," என்றேன்.

உள்ளே கிரைண்டர் நின்றது. சுலோச்சனா முழங்கை வரை மாவோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இருங்க, நிறுத்தாதீங்க."

பல்லவி முடிந்து சரணம் போனது. அவள் அசையவில்லை. மாவு தரையில் சொட்டியது.

"இது எங்க கண்ணு கெடச்சுது உனக்கு?"

"உங்க டேப்தான் ஆன்ட்டி."

"அந்த டேப்புலயா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, அந்த டேப்புக்குள்ள நானா இருந்தேன்?"

"வேகத்தைக் கெடுத்து வைத்திருக்கிறாள். இது தப்பான சுருதி," என்றேன்.

"இதுதானுங்க என்ற சுருதி."

பெனிட்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழல் கடைந்த விஷயத்தை விளக்கினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஓ," என்று மட்டும் சொன்னாள்.

அவள் போன பிறகு தரையில் காய்ந்துபோன மாவை நான்தான் சுரண்டித் துடைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இட்லி சரியாக வரவில்லை. மாவு பாதியில் நின்றதால்.

ஜூன் 23, திங்கள்

பாட்டு ஐந்து கட்டையில்தான் வர வேண்டும், இல்லையென்றால் நாடாவைத் திருப்பிக் கொடு என்று சஜித்துக்குப் போன் செய்தேன். அவன் பணிவாக ஒரு குண்டைப் போட்டான். இசையமைத்தவர் கையெழுத்து மட்டும் போதாதாம். பாடியவர் கையெழுத்தும் வேண்டுமாம். அப்படித்தான் சட்டமாம்.

சுலோச்சனாவிடம் பேனாவை நீட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப் போடணும்? கிளிக்கா, எனக்கா?"

"விளையாடாதே புள்ள."

"கிளி பாடினதுக்குக் கிளிகிட்டப் போய் வாங்குங்க. நான் பாடினது வருதுன்னா நான் போடறேன்."

அந்தக் காலத்தில் கனத்த குரலை யார் கேட்டார்கள், நான் அப்படிச் செய்திருக்காவிட்டால் வேறு ஒருத்தி பாடியிருப்பாள், உனக்காகத்தானே லேத் முன்னால் நின்றேன் என்று எல்லாம் சொன்னேன். கத்தியதாக அவள் சொல்கிறாள். அவள் காயை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பாட்டு ரேடியோவுல வந்தப்ப எதுத்த வூட்டு ஜெயாக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? 'உன்ற வூட்டுக்காரரு நல்ல புள்ளயாப் புடிச்சுப் பாட வெச்சிருக்காரு, யாரது?'ன்னாங்க. எனக்கும் தெரிலீங்கக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"இதை அப்போதே சொல்லியிருக்கலாம்."

"நீங்க வயலின் சத்தம் கம்மியா வருதுன்னு ரேடியோ ஸ்டேஷனுக்குக் கடுதாசி எழுதிட்டிருந்தீங்க."

வயலின் சத்தம் உண்மையிலேயே கம்மியாகத்தான் வந்தது.

நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. மெதுவாக ஓடினால் என் இசை செத்த இசை. அதை என் பெயரில் ஊர் கேட்கக் கூடாது. அவளும் இறங்கமாட்டேன் என்கிறாள். இவ்வளவு பிடிவாதம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

பெனிட்டா மறுபடியும் வந்தாள். பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்துவிட்டாளாம். கம்ப்யூட்டரால் குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமாம். சுலோச்சனாவின் குரல் நாலு கட்டையில் அப்படியே இருக்கும். வாத்தியங்களை எடுத்துவிட்டு, அடியில் பெனிட்டா புதிதாக இசை போட்டுக்கொள்வாளாம்.

"அப்ப உங்க வயலின் மெதுவாப் போகுதுங்கற கவலையும் இல்ல சார்."

"என் வயலினே இல்லை என்றால் கவலை எப்படி இருக்கும்?"

"மெட்டு உங்களுதுதானே சார்…"

"கொலைகாரனைவிட மோசம் நீ. அவனாவது ஆளை முழுதாகச் சுவரில் அறைந்தான்," என்றேன்.

அவள் கண் கலங்கியது. ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். சுலோச்சனா வாசல் கேட் வரைக்கும் போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து என்னைக் கடந்து போகும்போது சொன்னாள்:

"உங்க வாத்தியம் அத்தனையும் நீங்களே வெச்சுக்கோங்க. என்னைய மட்டும் குடுத்துருங்க."

ஜூலை 1, செவ்வாய்

சுலோச்சனா உடுமலைக்கு அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஏதோ விசேஷமாம். என்ன விசேஷம் என்று சொல்லவில்லை. திரும்பி வரும் நாளையும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

கேஸ் தீர்ந்தது. மாற்று சிலிண்டரை மாட்டினேன். தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்றது.

ஜூலை 2, புதன்

தோசை இன்றும் அப்படியே. கல்லில்தான் கோளாறு.

ஜூலை 4, வெள்ளி

குறை கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பென் டிரைவைக் கேட்டேன். டீவியின் பின்பக்கத்தில் சொருகினால் வேலை செய்கிறது.

அவள் குரல் மட்டும். சுற்றி ஒன்றுமில்லை. முதல் வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்கிறது. "வா நிலவே" என்னும் இடத்தில் அவள் நேராகப் போகாமல், கொஞ்சம் கீழே இறங்கி, அங்கே ஒரு கணம் இருந்துவிட்டு, பிறகுதான் ஏறுகிறாள். நான் அப்படிப் போட்டுக் கொடுக்கவில்லை. அவளாகச் செய்திருக்கிறாள். பதிவு நடந்தபோது நான் ஹெட்போனில் வயலின்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வேகமாக ஓட்டியபோது அந்த இறக்கம் வெறும் நெளிவாகத்தான் கேட்டிருக்கும்.

குறை கண்டுபிடிக்க நாலைந்து தடவை கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு "ழி"யைக் கம்ப்யூட்டர் பாதி தின்றுவிட்டது. அக்கார்டியனோடு சேர்த்துப் பிடுங்கும்போது இதுவும் கூடப் போயிருக்கிறது. அரைகுறை வேலை.

உடனே பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். "அந்த 'ழி'யை ஒழுங்காகக் கொண்டுவா. பாடினவளுக்கு ழகரம் வராது என்று ஊர் சொல்லும்."

"சார், அப்ப குரலை மட்டும் வெச்சுக்கலாமா?"

"நான் 'ழி'யைப் பற்றித்தான் பேசினேன்."

"சரிங்க சார்."

"இசை என்று என் பெயரைப் போடக் கூடாது. அது உன்னுடைய மோட்டார்."

"மெட்டு, ஆறுச்சாமின்னு போடறேன் சார்."

"போடு."

ஜூலை 7, திங்கள்

சஜித் காகிதங்களோடு வந்தான். என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து இடம் காலி.

உடுமலைக்குப் போன் செய்தேன். சுலோச்சனாவின் தங்கை எடுத்து, "அக்கா தோட்டத்துல இருக்குதுங்க மாமா," என்று சொல்லிவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினாள். பிறகு இவள் வந்தாள்.

"என்னங்க?"

"இங்கே ஒரு கையெழுத்து பாக்கி."

"யாரோடது?"

"பாடினவளோடது."

"எந்தக் கட்டை?" என்று கேட்டாள்.

"நாலு."

"நாளைக்கு வாரனுங்க. தோசைக்கல்லக் கருக்கி வெச்சிருந்தா நீங்கதான் தேய்க்கோணும்."

ஜூலை 22, செவ்வாய்

சரவணம்பட்டிக்கு இரண்டு பேரும் போனோம். சுலோச்சனா பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். உலகம் அழிந்த ஊருக்குப் போகிறோம், சும்மா போக முடியுமா என்றாள்.

பம்பு வீடு வரும் இடத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். கூரை ஒழுகுகிறது. வெளியே சாம்பல் மாதிரி மழை. சுலோச்சனா கையில் ஆட்டக் கருவியைக் கொடுத்து, எதை அழுத்தினால் நடக்கும் என்று பெனிட்டா காட்டினாள். இவள் சுவரில் கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வழியாக உள்ளே நுழைந்து ரேடியோவைத் திருகினாள்.

முதலில் அந்த மோட்டார் ஊங்காரம். பிறகு அவள் குரல். இருபத்தோரு வயசுக் குரல். ஊங்காரத்தில் பல்லவிக்கு வர வேண்டிய சுரம் கால் பங்கு கீழே நிற்கிறது. பெனிட்டாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் சரணம் முடிவதற்குள் வெளியே உறுமல் கேட்டது.

"ஆன்ட்டி, ரேடியோவை அணைச்சிருங்க," என்றான் ஒரு பையன். "சத்தம் கேட்டாப் பன்னிங்க வரும்."

மாட்டளவு பெரிய காட்டுப்பன்றிகள், முதுகெல்லாம் கட்டி. நான் போட்ட நிபந்தனையில் பன்றிகள் வரவில்லை. கதவை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. சுலோச்சனா அணைக்கவில்லை, நகரவும் இல்லை. திரை சிவந்தது. செத்துவிட்டாள்.

"மறுபடியும் போடு கண்ணு."

மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றாள். பல்லவி, சரணம், உறுமல், சிவப்பு.

"ஆன்ட்டி, கேட்டுட்டு ஓடிரணும். ரேடியோ சும்மா ஒரு ஓரமாத்தான்."

"இன்னொரு சரணம் இருக்குதல்ல கண்ணு," என்றாள்.

மூன்றாவது தடவையும் செத்தாள். பன்றிகளை வரவிடாமல் நிறுத்தித் தருகிறேன் என்று சஜித் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தான். வேண்டாம் என்றாள். "அதுக அதுக பாட்டுக்கு வரட்டும். நீங்க எனக்காகப் படைச்சதையெல்லாம் மாத்த வேண்டாமுங்க."

"எழுந்திரு, போகலாம். பஸ்ஸில் கூட்டம் வந்துவிடும்," என்றேன்.

"நீங்க போங்க."

இதில் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்று சஜித்திடம் கேட்டேன். முடியும் என்றான். இன்னொரு கருவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். எதை அழுத்தினால் அடிக்கும் என்று கேட்டேன், சொன்னான். திரையில் என் ஆள் வந்து நின்றான், கையில் ஒரு இரும்புக் குழாய். அவனைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினேன். சுலோச்சனா உள்ளே ரேடியோவைத் திருகினாள்.

பன்றிகள் வந்தன. பித்தான்களெல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. வலது பக்கம் அடித்தால் இடது பக்கத்திலிருந்து ஒன்று வருகிறது. பையன்கள் "பின்னாடி தாத்தா, பின்னாடி!" என்று கூச்சல் போட்டார்கள். கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது, தூக்கிவிட நேரமில்லை. ஒன்றைக்கூடக் கதவைத் தாண்ட விடவில்லை.

இரண்டாவது சரணம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உறுமலைத் தவிர என் காதில் எதுவும் விழவில்லை.

முடிந்தது என்று அவள்தான் சொன்னாள்.